பதினைந்து, பதினாறு, பதினேழு: நம் பெண் பிள்ளைகளுக்கும் ஓர் உலகக் கோப்பை



உலகக் கோப்பை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கிரிக்கெட்தான். கால்பந்து உலகக் கோப்பை என்றாலும் ஆம்பளைங்க ஆடுற ஆட்டம்னுதான் நினைக்கிறோம். பதினேழு வயசுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகள் மட்டுமே ஆடுகிற கால்பந்து உலகக் கோப்பை ஒன்று இருக்கிறது. அது நம் நாட்டிலேயே ஒருமுறை நடந்தது. இப்போது வருஷா வருஷம் நடக்கிறது. இதெல்லாம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"கடனும் சேமிப்பும் பேசுற இடத்துல பந்தைப் பத்தி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழுசாகப் படித்துப் பாருங்கள். நம் குழுக்களில் நாம் பேசும் விஷயங்களுக்கும் இந்தப் பந்துக்கும் நெருங்கிய சம்பந்தம் இருப்பது புரியும்.

இது என்ன போட்டி?

இதன் பெயர் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை. நடத்துவது சர்வதேசக் கால்பந்து சம்மேளனம். சுருக்கமாக ஃபிஃபா என்பார்கள். முதல் போட்டி 2008-ல் நியூசிலாந்தில் நடந்தது. அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டில் நடந்து வந்தது. ஆரம்பத்தில் 16 நாடுகள் ஆடின. 2025 முதல் 24 நாடுகள் ஆடுகின்றன. அதோடு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்பது மாறி ஒவ்வொரு வருஷமும் என்று ஆகிவிட்டது. 2025 முதல் 2029 வரை ஐந்து வருஷமும் ஆப்பிரிக்கக் கண்டத்தில் உள்ள மொராக்கோ நாட்டுக்கே நடத்தும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

இதுவரை ஜெயித்தவர்கள் யார் தெரியுமா? வட கொரியா நான்கு முறை ஜெயித்திருக்கிறது (2008, 2016, 2024, 2025). ஸ்பெயின் இரண்டு முறை (2018, 2022). தென் கொரியா (2010), பிரான்ஸ் (2012), ஜப்பான் (2014) ஆளுக்கு ஒருமுறை. ஒன்பது கோப்பைகளில் ஆறு ஆசியாவுக்கு வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே, "வெள்ளைக்காரப் புள்ளைங்களுக்குத்தான் உடம்பு இருக்கு, நம்ம புள்ளைங்களால முடியாது" என்ற பேச்சு எடுபடாது.

யார் கீழே யார்?

நம் குழு அமைப்பை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒரு குழு. குழுக்கள் சேர்ந்து ஊராட்சி அளவில் கூட்டமைப்பு. அதற்கு மேல் வட்டாரம், அதற்கு மேல் மாவட்டம். கால்பந்திலும் அப்படித்தான். ஊரில் உள்ள கிளப், மாவட்டக் கால்பந்து சங்கம், மாநிலச் சங்கம், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஃபிஃபா.

கீழே கணக்கு சரியில்லை என்றால் மேலே இருந்து கேள்வி வரும். தலைவி, செயலாளர், பொருளாளரை உரிய காலத்தில் மாற்றாமல் ஒருவரே உட்கார்ந்திருந்தால் குழுவின் தரம் குறையும், வங்கிக் கடன் நிற்கும். இது நமக்குத் தெரிந்த பாடம். இதே பாடத்தை நம் நாட்டுக் கால்பந்தும் 2022-ல் படித்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

வயசுக் கணக்கு

இந்தப் போட்டியில் ஆட 15, 16, 17 என்ற மூன்று வயசுதான். அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. பிறந்த தேதியை வைத்துப் பார்ப்பதில்லை, பிறந்த வருஷத்தை வைத்துப் பார்க்கிறார்கள். உதாரணமாக, 2022 போட்டியில் ஆட 2005, 2006, 2007 ஆகிய வருஷங்களில் பிறந்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடந்தபோது இதில் ஒரு சிக்கல் இருந்தது. 2005-ல் பிறந்த பிள்ளைக்கு 2020-ல் 15 வயசு, 2022-ல் 17 வயசு. ஆக, இரண்டு வாய்ப்பு. 2006-ல் பிறந்த பிள்ளைக்கு 2022-ல் 16 வயசு. அந்த ஒரு வாய்ப்புதான். 2020-ல் அவளுக்கு 14, 2024-ல் 18. இரண்டுமே கணக்கில் வராது. ஒரு வருஷம் முன்னே பின்னே பிறந்ததால் இவ்வளவு வித்தியாசம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் நடந்தது. 2020-ல் இந்தப் போட்டி இந்தியாவில் நடப்பதாக இருந்தது. கொரோனா வந்தது. முதலில் 2021-க்குத் தள்ளி வைத்தார்கள். பிறகு அந்தப் போட்டியையே ரத்து செய்து, 2022 போட்டியை இந்தியாவுக்குக் கொடுத்தார்கள். நாட்டுக்கு நஷ்டமில்லை. ஆனால் 2004-ல் பிறந்த பிள்ளைகளுக்கு? அவர்களுக்கு இருந்த ஒரே வாய்ப்பு 2020-தான். 2022 வந்தபோது வயசு தாண்டிவிட்டது. பயிற்சி முகாமில் ஓடி ஓடி உழைத்த பிள்ளைகள் ஒரு ஆட்டமும் ஆடாமலேயே வெளியே போனார்கள். போட்டியைத் தள்ளி வைக்கலாம். வயசைத் தள்ளி வைக்க முடியாது.

இப்போது வருஷா வருஷம் நடப்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 15-ல் ஒன்று, 16-ல் ஒன்று, 17-ல் ஒன்று என மூன்று வாய்ப்பு கிடைக்கிறது. இந்த மாற்றம்தான் நாம் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். இந்த மூன்று வயசை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் இதற்கு வருவோம்.

2022: நம் நாட்டில் நடந்தது

2022 அக்டோபர் 11 முதல் 30 வரை ஒடிசாவில் புவனேஸ்வர், கோவாவில் மட்காவ், மகாராஷ்டிராவில் நவி மும்பை ஆகிய மூன்று ஊர்களில் போட்டி நடந்தது. அக்டோபர் 11 என்பது ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேசப் பெண் குழந்தைகள் தினம். அன்றைக்குத்தான் இந்தியாவின் முதல் ஆட்டம்.

அது நடக்காமலே போயிருக்கும். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தில் 2020-லேயே நடந்திருக்க வேண்டிய நிர்வாகிகள் தேர்தல் நடக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் நீதிமன்றம் ஒரு நிர்வாகக் குழுவை நியமித்தது. "வெளியார் தலையீடு இருக்கிறது" என்று சொல்லி ஃபிஃபா ஆகஸ்ட் நடுவில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. போட்டி தொடங்க இரண்டு மாசம்கூட இல்லை. பதினொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. பெரியவர்கள் காலத்தில் தேர்தல் நடத்தாததற்கு, பதினாறு வயசுப் பிள்ளைகள் பழி சுமக்க இருந்தார்கள். நம் குழுக்களில் "ஏன் வருஷா வருஷம் தீர்மானம், தேர்தல், தணிக்கை?" என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதி ஆட்டம் ஆடாமலே இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. மூன்று ஆட்டமும் புவனேஸ்வர் கலிங்கா மைதானத்தில். அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. மூன்றிலும் தோல்வி. ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. கடைசியில் ஸ்பெயின் 1-0 என்று கொலம்பியாவை ஜெயித்துக் கோப்பையை எடுத்துச் சென்றது.

மகள் பெயரில் சாலை, அதில் தாய் தகப்பன் கூலி வேலை

அந்த இந்திய அணியின் தலைவி அஷ்டம் உராவ். ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். பழங்குடி இனப் பெண். அப்பா, அம்மா இருவரும் தினக்கூலிகள்.

மகள் இந்திய அணித் தலைவி ஆனதும் மாவட்ட நிர்வாகம் அவர் வீட்டுக்குச் சாலை போட முடிவு செய்தது. சாலைக்கு அவர் பெயரையே வைப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சாலை போடும் வேலையில் ஒரு நாளைக்கு 250 ரூபாய் கூலிக்கு மண் சுமந்தவர்கள் அவருடைய அப்பாவும் அம்மாவும்தான். இது அப்போது நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது.

இதைப் படித்தபோது நமக்கு இரண்டு எண்ணம் வருகிறது. ஒன்று, பெருமை. நூறு நாள் வேலைக்குப் போகும் நம்மைப் போன்ற ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளை, ஒரு நாட்டுக்கே அணித்தலைவி ஆக முடிகிறது. இன்னொன்று, உறுத்தல். பிள்ளை பெயரெடுத்த பிறகுதான் ஊருக்குச் சாலை வர வேண்டுமா? சாலையும் மைதானமும் முன்னாடியே இருந்திருந்தால் இன்னும் எத்தனை அஷ்டம்கள் வந்திருப்பார்கள்?

அவரை மட்டுமல்ல, அந்த அணியில் பல பிள்ளைகளை ஜார்க்கண்ட் மாநிலம்தான் கொடுத்தது. வசதியான ஊர்களில் இருந்து வந்த பிள்ளைகள் அல்ல. வயல் வரப்பில் ஓடிப் பழகிய கால்கள். அஷ்டமுக்கு விடுதியோடு சேர்ந்த பயிற்சி மையத்தில் இடம் கிடைத்தது. சாப்பாடு, படிப்பு, பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில். அது இல்லாவிட்டால் அந்தத் திறமை கூலி வேலையில் கரைந்திருக்கும்.

தோல்வியோடு முடிந்ததா?

இல்லை. 2025-ல் கதை மாறியது. அந்த வருஷம் ஜூலையில் பெரியவர்கள் அணி தாய்லாந்து அணியை அந்த நாட்டிலேயே 2-1 என்று ஜெயித்து, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்டோர் அணி மியான்மர் அணியை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று ஜெயித்து, இருபது வருஷத்துக்குப் பிறகு அந்த வயசுக்கான ஆசியக் கோப்பைக்குப் போனது.

அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் அணியின் முறை. கிர்கிஸ்தான் நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் தகுதிச் சுற்று. கிர்கிஸ்தானை 2-1 என்று ஜெயித்தார்கள். அக்டோபர் 17 அன்று உஸ்பெகிஸ்தானுடன் ஆட்டம். முதல் பாதியில் நம் பிள்ளைகள் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். இரண்டாம் பாதியில் இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்து, சீனாவில் நடக்கும் 2026 ஆசியக் கோப்பைக்கு இடம் பிடித்தார்கள். உலகக் கோப்பைக்குப் போகும் பாதை அதுதான். ஆசியக் கோப்பையில் முன்னணியில் வரும் நாடுகள் உலகக் கோப்பைக்குப் போகும்.

2022-ல் இடம் கிடைத்தது, வீட்டுக்காரர் என்பதால். 2025-ல் இடம் கிடைத்தது, ஜெயித்ததால். ஒரு குழு முதலில் மானியத்தில் தொடங்கி, அப்புறம் சொந்தச் சேமிப்பிலேயே கடன் கொடுக்கும் நிலைக்கு வருவது போல.

கொலம்பியாவில் ஒரு லிண்டா

2022-ல் இறுதி ஆட்டம் வரை வந்த கொலம்பியா அணியில் லிண்டா கைசெடோ என்று ஒரு பெண். தென் அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். 15 வயதில் அவருக்குக் கருப்பையில் அல்ல, சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை, மருந்து எல்லாம் முடிந்து மீண்டு வந்தார்.

2022 ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆடினார். அக்டோபரில் நம் நாட்டுக்கு வந்து 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆடினார். 2023-ல் பெரியவர்கள் உலகக் கோப்பையில், 18 வயதில், பலம் வாய்ந்த ஜெர்மனிக்கு எதிராக கோல் போட்டார். அந்த ஆட்டத்தில் கொலம்பியா 2-1 என்று ஜெயித்தது. ஒரு வருஷத்துக்குள் மூன்று உலகக் கோப்பை!

வயசுக்கு வந்த பிள்ளை வயிற்று வலி என்றால் "அதெல்லாம் அப்படித்தான், சரியாயிடும்" என்று நாம் சொல்லி விடுகிறோம். காலத்தில் டாக்டரிடம் காட்டியதால்தான் லிண்டா மறுபடி மைதானத்துக்கு வந்தார். இதையும் நினைவில் வைப்போம்.

ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி?

டி.வி.யிலோ செல்போனிலோ பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், இவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

• ஒரு அணிக்கு 11 பேர். அதில் ஒருவர் கோல்கீப்பர். அவர் மட்டும் தன் எல்லைக்குள் பந்தைக் கையால் பிடிக்கலாம்.

• ஆட்டம் 45 நிமிஷம், பிறகு இடைவேளை, மறுபடி 45 நிமிஷம். காயம் போன்றவற்றால் வீணான நேரத்தைக் கடைசியில் சேர்ப்பார்கள்.

• கோல் கம்பங்களுக்கு நடுவே அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்தின் எடை 410 முதல் 450 கிராம். பெரியவர்கள் ஆடும் அதே பந்து, அதே கோல்.

• மஞ்சள் அட்டை என்றால் எச்சரிக்கை. ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் வாங்கினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியே போக வேண்டும். அவருக்குப் பதில் ஆள் இறக்க முடியாது.

• ஆஃப்சைடு என்பதுதான் எல்லோரையும் குழப்பும். எதிரணிப் பகுதியில், பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசி ஆளுக்கு முந்தைய ஆளையும் (கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணித்தான்) தாண்டி முன்கூட்டியே போய் நின்றுகொண்டு, அங்கே பந்தை வாங்கக் கூடாது. ரேஷன் கடை வரிசையில் நிற்காமல் முன்னாடியே போய்க் கையை நீட்டினால் ஒத்துக்கொள்வோமா? அது மாதிரிதான்.

• 24 அணிகளை நான்கு நான்காக ஆறு பிரிவாகப் பிரிப்பார்கள். ஜெயித்தால் 3 புள்ளி, சமன் என்றால் 1 புள்ளி. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளும், மூன்றாவதாக வந்தவற்றில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். அங்கிருந்து தோற்றால் வீடு.

• 2024 முதல் ஒரு புதுமை. நடுவர் தீர்ப்பில் சந்தேகம் வந்தால் பயிற்சியாளர் ஒரு அட்டையைக் கொடுத்து, "வீடியோ பாருங்கள்" என்று கேட்கலாம். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு முறை. கேட்டது சரியென்று ஆனால் அந்த வாய்ப்பு கழியாது. கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லும் உரிமை மாதிரி!

• மொராக்கோவில் மணி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே சாயந்திரம் 4 மணி ஆட்டம் என்றால் நமக்கு ராத்திரி எட்டரை. வேலை முடித்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தோதான நேரம்தான்.

குழுக்களில் வரும் கேள்விகள்

*"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க பந்து?"*

நம் மாநிலத்தையே பாருங்கள். தேசிய அளவிலான பெரியவர்கள் மகளிர் கால்பந்தில் தமிழ்நாடு அணி இரண்டு முறை சாம்பியன். 2018-ல் மணிப்பூரையும், 2023-ல் ஹரியானாவையும் இறுதி ஆட்டத்தில் ஜெயித்தது. 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையை எடுத்தது மதுரையின் சேது அணி. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருப்பவர். தமிழக அரசு வேலைகளில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் "ஒண்ணுத்துக்கும் உதவாது" என்பது உண்மையல்ல.

*"மாதவிலக்கு நேரத்துல ஓடலாமா?"*

உடம்புக்கு முடிந்தால் தாராளமாக ஆடலாம். உலகக் கோப்பை ஆடும் பிள்ளைகளுக்கும் மாதவிலக்கு வரத்தான் செய்கிறது. அதிக வலி, அதிக உதிரப்போக்கு இருந்தால் ஓய்வு கொடுங்கள், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். இரத்த சோகை உள்ள பிள்ளைக்கு ஓடவும் முடியாது, படிக்கவும் முடியாது.

*"டிரவுசர் போட்டு ஆடினா ஊர் பேசுமே?"*

நாம் குழு ஆரம்பித்து வங்கிக்குப் போனபோதும் ஊர் பேசியது. பேசிய வாய்தான் பிறகு கடன் கேட்டு நம் வாசலுக்கு வந்தது. முழங்கால் வரை உறை போட்டும், நீளக் கால்சட்டை போட்டும், தலையை மூடிக்கொண்டும் ஆடலாம். தலையை மூடி ஆட 2014-லேயே ஃபிஃபா முழு அனுமதி கொடுத்துவிட்டது.

*"பாதுகாப்பு?"*

இது மிக முக்கியமான கேள்வி. பயிற்சியாளர் யார், பெண் உதவியாளர் உடன் இருக்கிறாரா, வெளியூர் போனால் எங்கே தங்க வைக்கிறார்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டால் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். பிள்ளை "இனிமே போகமாட்டேன்" என்று திடீரென்று சொன்னால் திட்டாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

குழு என்ன செய்யலாம்?

1. பிறப்புச் சான்றிதழ்: வயசுப் போட்டிகளுக்கு முதல் சாவி இதுதான். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. தாமதமானால் கட்டணம், அனுமதி என்று அலைய வேண்டும். பெயர் இல்லாமல் பதிவான பிள்ளைக்கு 15 வருஷத்துக்குள் பெயர் சேர்க்கலாம். பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் தேதியும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயசைக் கூட்டிக் குறைத்துச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுவோம். வெளிநாடு போகப் பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தப் பொய்தான் பிள்ளைக்குக் குறுக்கே நிற்கும்.

2. மைதானம்: கிராம சபையில் கேளுங்கள். பள்ளி மைதானத்தில் சாயந்திரம் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். விளக்கும் கழிப்பறையும் சேர்த்துக் கேளுங்கள்.

3. பந்து: ஒரு பந்து வாங்கப் பெரிய செலவில்லை. பிள்ளைகள் இருபது பேர் சேர்ந்து ஆடலாம். தொடங்க வேறு ஒன்றும் வேண்டாம்.

4. மாவட்ட விளையாட்டு அலுவலர்: மாவட்ட விளையாட்டரங்கில் இவரைப் பார்க்கலாம். பெண் பிள்ளைகளுக்கான அரசு விளையாட்டு விடுதிகளுக்கு எப்போது தேர்வு, எந்த வகுப்புப் பிள்ளைகள் வரலாம், முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்குப் பள்ளி மூலம் எப்படிப் பதிவு செய்வது என்று குழுப் பிரதிநிதி ஒருவர் கேட்டு வந்து எல்லோருக்கும் சொல்லலாம்.

5. வீட்டு வேலை: தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் பெண் பிள்ளை தலையில்தான் விழுகிறது. ஆண் பிள்ளைக்கும் பாதியைக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரம் தானாகக் கிடைக்கும். இதற்கு எந்த அலுவலர் கையெழுத்தும் வேண்டாம்.

மறுபடியும் அந்த மூன்று வயசு

15, 16, 17. உலகக் கோப்பை ஆட வேண்டிய வயசு. நம் ஊர்களில் இதே வயசில் என்ன நடக்கிறது? பத்தாவதோடு படிப்பை நிறுத்துவது, மில்லுக்கு அனுப்புவது, "நல்ல இடம் வந்திருக்கு" என்று கல்யாணம் பேசுவது. 18 வயசு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். செய்து வைப்பவர்களுக்கும் தண்டனை உண்டு. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த மூன்று வருஷம் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்காது என்பதுதான் பெரிய விஷயம்.

2004-ல் பிறந்த பிள்ளைகளுக்குக் கொரோனா வந்து வாய்ப்பைப் பறித்தது. அதை யாராலும் தடுக்க முடியவில்லை. நம் வீட்டில் பறிபோவதை நம்மால் தடுக்க முடியும்.

நம் பிள்ளைகள் எல்லோரும் மொராக்கோ போகப் போவதில்லை. ஒரு நாட்டிலிருந்து இருபது பேர் அளவில்தான் போக முடியும். ஆனால் பந்து ஆடும் பிள்ளை பத்தாவதைத் தாண்டிப் படிப்பாள். தோற்றாலும் அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து வருவாள். மாப்பிள்ளை வீடு வந்து நிற்கும்போது "எனக்கு இன்னும் வயசு ஆகலை" என்று நிமிர்ந்து சொல்வாள். அதுவும் ஒரு கோப்பைதான்.

அடுத்த உலகக் கோப்பை வரும்போது, ஒருநாள் ராத்திரி சீரியலை நிறுத்திவிட்டு, குழு உறுப்பினர் வீடு ஒன்றில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு ஆட்டம் பார்ப்போம். எந்த நாடு ஆடினாலும் பரவாயில்லை. நம் பிள்ளைகள் பார்க்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் தங்கள் வயசுதான் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

— நம் குழு உறுப்பினர் வீடுகளில் 15 முதல் 17 வயசுக்குள் எத்தனை பெண் பிள்ளைகள்? அதில் படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்?

— அவர்களில் எத்தனை பேரிடம் சரியான பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது?

— நம் ஊரில் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடி விளையாட ஒரு இடம் இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த கிராம சபையில் நம்மில் யார் எழுந்து கேட்கப் போகிறோம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கூட்டமைப்புக்கும் எழுதி அனுப்புங்கள். மற்ற குழுக்களுக்கும் தெரியட்டும்.